துரைக்கு வந்த சீக்கு

போன வாரம் பக்கத்து வீட்டுக்காரர் தன் ரோஜாச் செடிகளுக்கு மருந்து அடித்தார். நல்ல மனிதர். அடிப்பதற்கு முன்னால் மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "சார், ஜன்னலச் சாத்திக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பம்பைத் தோளில் மாட்டினார். நான் எழுந்து சாத்துவதற்குள் ஒரு கீற்று உள்ளே வந்துவிட்டது. அழுகின பூண்டை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டது போல ஒரு வாடை. கம்பியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எனக்குப் பருத்திக்காடு ஞாபகம் வந்திருந்தால் நியாயம். வந்தது ஒரு மீன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொண்டே கேளுங்கள், பரவாயில்லை.

அப்போது எனக்கு இருபத்து நான்கு வயது. எண்பதுகளின் தொடக்கம். சங்கரன்கோவில் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர் வேலை. கம்பவுண்டர் என்றதும் வெள்ளைக் கோட்டும் பீங்கான் உரலும் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். பினாயிலும் சாணியும் சரிபாதி கலந்து மணக்கிற ஒரு முற்றம். மரச்சட்டத்துக்குள் நிற்கிற மாட்டின் வாலைப் பிடித்துக்கொள்வதுதான் பாதி வேலை. சட்டையை எத்தனை தடவை துவைத்தாலும் பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் ஒரு சாண் தள்ளித்தான் உட்காருவார். அந்த வாடையோடு சிவகிரிக்குப் பெண் பார்க்கப் போய்வந்த கதை ஒன்று உண்டு. அது இப்போது வேண்டாம்.

சங்கரபாண்டி அண்ணாச்சிக்கு ராஜபாளையம் ரோட்டில் உரக்கடை. கீழே முன்பக்கம் கடை, பின்பக்கம் குடோன், மேலே மச்சில் வீடு. பழைய காலத்துக் கட்டிடம். மச்சுக்கு மரப்பலகைத் தளம். மேலே யாராவது நடந்தால் கீழே மூட்டைகள் மேல் தூசி உதிரும். அந்தத் தூசியைப் பற்றி எல்லோரும் குறைப்பட்டிருக்கிறார்கள். கீழேயிருந்து பலகை இடுக்கு வழியாக மேலே என்ன போகிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

அண்ணாச்சி ஊருக்கு வேண்டியவர். கரிவலம்வந்தநல்லூர்ப் பக்கமிருந்து வெள்ளாமை பார்க்கிற சம்சாரிகள் பருத்தி இலையைத் துண்டில் முடிந்து கொண்டுவருவார்கள். அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, என்ன புழு, என்ன மருந்து, எத்தனை மூடி என்று சொல்லிவிடுவார். மருந்தைத் தண்ணீரில் கலக்கிக் காட்டுவதும் அவரே. முழங்கை வரை வாளிக்குள் விட்டு ஒரு சுழற்று சுழற்றுவார். "கம்பு எதுக்குவே, கை இருக்கையில?" என்று கேட்டுச் சிரிப்பார். சம்சாரிகளும் சிரிப்பார்கள். அந்த ஈரக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெற்றிலை மடிப்பார்.

மருந்துக் கம்பெனிக் கூட்டம் ஒன்றுக்கு மெட்ராஸ் போனவர், தங்கின ஹோட்டலில் கண்ணாடித் தொட்டியில் மீன்கள் நீந்துவதைப் பார்த்திருக்கிறார். மனிதருக்கு மனசு அதற்குள் விழுந்துவிட்டது. வைக்கோல் சுற்றிய தொட்டியும், மடியில் பாலிதீன் பையில் ஒரு விரல் நீள மீனுமாக ரயிலில் வந்து இறங்கினார். ஆஸ்கார் என்று இனம். கறுப்பு உடம்பில் ஆரஞ்சுத் திட்டுகள். கரிக்குள் தணல் கிடப்பது போல இருக்கும். இரண்டு வருஷத்தில் அது ஒரு தாம்பூலத் தட்டை அடைக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டது. மண்புழுவும் ஆட்டு ஈரலும் தவிர வேறு எதைப் போட்டாலும் வாயில் வாங்கி, ஒரு நிமிஷம் யோசித்து, துப்பிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதனால் அதற்கு துரை என்று பெயர்.

அண்ணாச்சியின் ஒரே மகள் சித்ராவுக்கு ஐந்து வயது. அவள் கண்ணாடியில் மூக்கை வைத்து அழுத்தினால் துரை உள்ளேயிருந்து வந்து அதே இடத்தில் வாயை வைக்கும். இதைப் பார்ப்பதற்கென்றே தெருப் பிள்ளைகள் மச்சுப்படி ஏறுவார்கள். நானும் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். துரை வரவில்லை. மாட்டு வாடை கண்ணாடிக்குள்ளும் போகும் போலிருக்கிறது.

ஒரு மார்கழிக் காலையில் அண்ணாச்சி ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றார். முகம் சரியில்லை.

"துரைக்கு மேலுக்குச் சொகமில்ல டாக்டர். மூணு நாளா எரை எடுக்கல. மூலையில ஒதுங்கிக் கெடக்கு."

எங்கள் டாக்டர் என்னைப் பார்த்தார். "நாலு காலு இல்லாததுக்கெல்லாம் நான் படிக்கலய்யா. நீ போயிப் பாரு."

போனேன். பழக்கதோஷத்தில் தெர்மாமீட்டரையும் எடுத்துப் போயிருந்தேன். அதைத் தண்ணீருக்குள் விட்டுவிட்டு, மாட்டுக்காரர்களிடம் முதலில் கேட்கிற கேள்வியையே கேட்டேன்: "சாணி எப்படிப் போடுது?" அண்ணாச்சியின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அவர் பெயர் கோமதி, ஊர் அம்மனின் பெயர். சங்கரன்கோவிலில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு கல்லை எறிந்தால் ஒரு கோமதி மேல்தான் விழும். நான் மதினி என்று கூப்பிடுவேன்.

ஆனால் துரையைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. ஆரஞ்சுத் திட்டுகள் இருந்த இடமே தெரியவில்லை. செவுள் படபடவென்று அடித்தது. துடுப்புகளை உடம்போடு ஒட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கிடந்தது. சித்ரா மூக்கை வைத்தாள். அது திரும்பவில்லை.

"ஏன் சித்தப்பா, எம்மேல கோவமா இருக்கா?" என்று கேட்டாள்.

தூத்துக்குடியில் மீன்வளம் படித்துக்கொண்டிருந்த நண்பன் ஒருவனுக்கு எழுதினேன். நாலாம் நாள் இன்லண்டு லெட்டர் நிறையப் பதில் வந்தது. இது சிக்லிட் வகை, நம் குளத்து ஜிலேபிக் கெண்டைக்குத் தூரத்துப் பங்காளி, அதனால் லேசில் சாகாது என்று தைரியம் சொல்லியிருந்தான். மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்று, கல்லுப்பு போடு, குளிர்காலமானதால் மேலே ஒரு குண்டு பல்பைத் தொங்கவிட்டுச் சூடு காட்டு, வெள்ளைப் புள்ளி தெரிந்தால் நீல மருந்து ஊற்று. எல்லாம் செய்தோம். புள்ளி இல்லாமலே நீல மருந்தும் ஊற்றினோம். தொட்டி முழுக்க நீலமானதைப் பார்த்து சித்ரா கைதட்டினாள். மதினி தன் பங்குக்குக் கோயில் புற்றுமண்ணை ஒரு சிட்டிகை போட்டார். எங்கள் ஊரில் புற்றுமண்ணை எதிர்த்துப் பேசி மாட்டாஸ்பத்திரி நடத்த முடியாது.

தண்ணீர் மாற்றின அன்றைக்குத் துரை கொஞ்சம் தெளியும். ஒரு புழுவைக்கூட வாங்கும். மூன்றாம் நாள் பழையபடி மூலை. மறுபடி மாற்றினால் மறுபடி தெளிவு, மறுபடி மூலை. கிணற்றுத் தண்ணீர் சந்தேகம் வந்து, அதே தண்ணீரை ஒரு வாளியில் என் அறைக்குக் கொண்டுபோய் இரண்டு கெண்டைக் குஞ்சுகளை விட்டு வைத்தேன். அவை ஜோராக நீந்தின. ஆக தண்ணீரில் குற்றமில்லை. ஊற்றின பிறகு ஏதோ ஒன்று அதில் வந்து சேர்கிறது. எங்கிருந்து?

அந்த வாரம்தான் கரிவலம்வந்தநல்லூரில் கிடை மேய்க்கிற கீதாரி ஒருவரின் மாடுகள் மருந்தடித்த பருத்திக்காட்டில் மேய்ந்துவிட்டன. டாக்டரும் நானும் போனபோது ஐந்து மாடுகள் வரப்பில் கிடந்தன. வாயிலிருந்து எச்சில் கயிறு கயிறாக இறங்குகிறது. தோல் தனியாக, மாடு தனியாக நடுங்குகிறது. டாக்டர் ஒரு மாட்டின் இமையை விலக்கிக் காட்டினார். கண்ணின் கறுப்புமணி கடுகளவுக்குச் சுருங்கியிருந்தது. "இதப் பாத்துட்டேன்னா வேற எதையும் பாக்க வேண்டாம். மருந்து ஏறியிருக்கு. அட்ரோபின் எடு" என்றார். அந்த முறிமருந்து ஊசியில் மூன்று பிழைத்தன.

ஊருக்குத் திரும்பி, கை கழுவின கையோடு துரையைப் பார்க்கப் போனேன். அது மூலையில் இல்லை. தொட்டி நடுவில் தலைகீழாகச் சுழன்றுகொண்டிருந்தது. நிற்கும், பிறகு உடம்பெல்லாம் ஒரு நடுக்கம், மறுபடி சுழல். அந்த நடுக்கத்தை நான் மத்தியானம்தான் பார்த்திருந்தேன். தோல் தனியாக, மீன் தனியாக.

தொட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தேன். குமிழி விடுகிற ரப்பர் குழாய், பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்குவது அப்போதுதான் கண்ணில் பட்டது.

"மோட்டார் எங்க மதினி?"

"அது கெடந்து டர்ருனு இரையுதுன்னு பிள்ள ஒறங்கமாட்டேங்கா. அதான் ஒங்க அண்ணாச்சி குடோன்ல கொண்டு வச்சாக. ஒரு மாசம் இருக்கும்."

காற்று மோட்டார் என்பது வேறொன்றுமில்லை. தான் இருக்கிற இடத்துக் காற்றை இழுத்துத் தண்ணீருக்குள் ஊதும். கீழே போய்ப் பார்த்தேன். பருத்தி சீசனுக்கென்று லாரியில் வந்திறங்கிய டின்களும் தூள் மூட்டைகளும் உத்தரம் முட்ட அடுக்கியிருந்தன. அவற்றின் உச்சியில் அந்தச் சின்ன மோட்டார் உட்கார்ந்து இரைந்துகொண்டிருந்தது. மேலே வந்து குழாயின் நுனியை மூக்கருகில் பிடித்தேன். அழுகின பூண்டு, மண்ணெண்ணெய்.

உடனே மோட்டாரை மேலே கொண்டுவந்து, தண்ணீரை முழுக்க மாற்றினோம். எனக்கு ஒரே பெருமை. நண்பனுக்குக் கண்டுபிடித்துவிட்டேன் என்று கடிதம்கூட எழுதிவிட்டேன். ஒரு வாரத்தில் சரியாகிவிடும் என்று மதினியிடம் சொன்னேன்.

ஒரு வாரம் ஆனது. சுழல்வது நின்றதே தவிர நடுக்கம் நிற்கவில்லை. இப்போது மோட்டார் இழுப்பது மச்சுக் காற்றை. மச்சுக் காற்றில் என்ன இருக்கிறது?

இதை யோசித்தபடி நிற்கும்போது, தொட்டிக்குக் கீழே பாயில் படுத்திருந்த சித்ராவைப் பார்த்தேன். பகல் பதினொரு மணி. அந்த நேரத்துக்குப் பிள்ளை ஏன் படுத்திருக்கிறாள்? தலையணையில் கடைவாய் எச்சில் ஒரு தட்டளவுக்கு நனைந்திருந்தது.

"வயித்து வலின்னா" என்றார் மதினி. "பூச்சி மருந்து குடுத்தாச்சு. மந்திரிச்சும் போட்டாச்சு. ரெண்டு நாளு நல்லாருக்கா, பெறவு சொணங்கிருதா."

லாரி வந்த பிறகா என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. அண்ணாச்சியும் மதினியும் படுப்பது கட்டிலில். பிள்ளைக்குப் பலகைமேல் பாய். குடோனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு விரல் கனப் பலகை, நடுவில் இடுக்கு.

கீழே போய் அண்ணாச்சியிடம் சொன்னேன். குடோனில் ஒற்றை பல்பு வெளிச்சத்தில் டின்களை எண்ணிக்கொண்டிருந்தார். பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் முகம் மாறியது.

"இருவது வருசமா இதுக்குள்ளதான் கெடக்கேன். இதுலதான் கைய முக்குதேன், இந்தக் கையாலதான் சோறு திங்கேன். எனக்கு என்னவே செஞ்சிட்டு? ஒரு மீனுக்காவ குடோன மாத்தச் சொல்லுதீரோ?"

"மீனுக்காக இல்ல அண்ணாச்சி..."

"எங்கண்ணப் பாத்துச் சொல்லும்! எனக்கு என்ன செஞ்சிட்டு?"

பார்த்தேன். பார்த்திருக்க வேண்டாம். அந்த அரையிருட்டில் எவன் கண்ணும் பூனைக் கண் மாதிரி விரிந்திருக்க வேண்டும். அவருடைய கறுப்புமணி இரண்டும் கடுகு போலச் சுருங்கியிருந்தன. வரப்பில் கிடந்த மாட்டின் இமையை விலக்கிக் காட்டின டாக்டரின் விரல் என் முன்னால் வந்து போனது. அண்ணாச்சி, கொஞ்சம் பெரியாஸ்பத்திரியில் காட்டுங்கள் என்று ஏதோ உளறினேன். "போதும்வே, போயி மாட்டப் பாரும்" என்றார்.

துரையை மட்டும் கொஞ்ச நாள் என் அறையில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்டு வாங்கினேன். பித்தளை அண்டாவில் தண்ணீர், அதில் துரை, பக்கத்தில் மோட்டார், எல்லாவற்றையும் தள்ளுவண்டியில் வைத்து ரதவீதியைச் சுற்றிக் கொண்டுபோனது ஒரு ஊர்வலம் மாதிரி இருந்தது. மார்கழி பஜனை கோஷ்டி ஒதுங்கி வழிவிட்டது. கம்பவுண்டர் மீன்குழம்புக்கு ஏற்பாடு பண்ணுகிறார் என்று யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள்.

பத்து நாளில் நடுக்கம் நின்றது. பன்னிரண்டாம் நாள் ஈரலைப் பாய்ந்து பிடுங்கியது. பொங்கல் முடிந்து பார்க்கிறேன், தணல் திரும்பி வந்துவிட்டது. அண்டா விளிம்பில் தாடையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது. இத்தனைக்கும் அதே கிணற்றுத் தண்ணீர், அதே மோட்டார்.

மதினி ஒரு சாயங்காலம் வந்தார். வாசற்படியிலேயே நின்று எட்டிப் பார்த்தார். துரை அண்டாவில் ஒரு வட்டம் போட்டது.

"பொழச்சிட்டா தம்பி?"

"பொழச்சிட்டு மதினி."

"மருந்து எதுவும் குடுத்தீங்களா?"

"ஒண்ணும் குடுக்கல. எடத்த மாத்தினேன். அவ்வளவுதான்."

அவர் படியேறி வந்து அண்டாப் பக்கம் குனிந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப பிள்ள?"

ஒரு கம்பவுண்டர் ஒரு குடும்பத்தில் எவ்வளவு பேசலாம் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் பதிலுக்குக் காத்திருக்கவும் இல்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் சித்ராவைக் கூட்டிக்கொண்டு வாசுதேவநல்லூரில் தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டார். புருஷனிடம் சொல்லிக்கொள்ளவில்லை.

அண்ணாச்சி ஆஸ்பத்திரி முற்றத்துக்கே வந்தார். நாலு மாட்டுக்காரர்கள் நின்றுகொண்டிருந்தார்கள்.

"எங்குடும்பத்தப் பிரிச்சிட்டீரே வே! மீனுக்கு வைத்தியம் பாரும்னா, வீட்டுக்கு வைத்தியம் பாத்துட்டீரே!"

துரையை அன்றைக்கே அண்டாவோடு திருப்பிக் கொண்டுபோனார். பழையபடி தொட்டியில் விட்டு, மோட்டாரைப் பழையபடி குடோனில் வைத்தார். "துரை இங்கனயே இருந்து காட்டும். நீரு பாத்துக்கிட்டே இரும்" என்று சவால் விட்டுவிட்டுப் போனார். அதற்குப் பிறகு நான் அந்தப் படியில் ஏறவில்லை. ரோட்டில் பார்க்கும்போது, "மீன் எப்படி இருக்கு அண்ணாச்சி?" என்று கேட்பேன். "ஜம்முனு இருக்கு" என்று சொல்லிவிட்டு நிற்காமல் போவார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் மெலிந்திருப்பார். வெற்றிலை மடிக்கும்போது காம்பு கையிலிருந்து நழுவும்.

மாசி மாதம் ஒரு மத்தியானம். வெயில் ஏறியிருந்தது. உரக்கடைக்குப் பக்கத்துச் சைக்கிள் கடைக்காரர் மூச்சிரைக்க ஓடிவந்தார். குடோனில் ஒரு டின் ஓட்டை விழுந்து கசிந்திருக்கிறது. அண்ணாச்சி ஒருவராகக் கதவைச் சாத்திக்கொண்டு சாக்கால் துடைத்திருக்கிறார். கதவிடுக்கில் வாடை வந்து உடைத்துத் திறந்திருக்கிறார்கள். பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயாகிவிட்டது. அங்கே அட்ரோபின் நிறைய வேண்டியிருக்கிறதாம், எவ்வளவு இருந்தாலும் கொடுக்கச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறார்கள்.

டாக்டர் பீரோச் சாவியை என்மேல் எறிந்தார். மாடுகளுக்கென்று வைத்திருந்த அட்டைப்பெட்டியை அப்படியே நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடைக்காரர் மிதித்த சைக்கிளின் பின்னால் உட்கார்ந்தேன். பெரியாஸ்பத்திரி பெஞ்சில் அண்ணாச்சி கிடந்த கோலத்தை நான் விவரிக்க மாட்டேன். அந்த வரப்பை ஏற்கெனவே சொல்லிவிட்டேன், போதும்.

பிழைத்துக்கொண்டார். ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தேன். மதினி வாசுதேவநல்லூரிலிருந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பிள்ளையைக் கூட்டி வரவில்லை. அண்ணாச்சி என்னை இன்னும் கிட்டே வரச் சொன்னார். குரல் காற்றாக வந்தது.

"துரை செத்துட்டுவே. கொண்டுபோயி விட்டேம்லா, பதினாறாம் நாளே செத்துட்டு. ஒம்மகிட்டச் சொல்ல வெக்கமா இருந்துது. சும்மா மோட்டார மட்டும் ஓட்டிக்கிட்டுக் கெடந்தேன்."

அவ்வளவு நாளும் யாரும் இல்லாத மச்சில், மீன் இல்லாத தொட்டியில், குமிழி வந்துகொண்டே இருந்திருக்கிறது. அவர் அதன் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார். மதினி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

குடோனை ஊருக்கு வெளியே மாற்றின பிறகுதான் மதினி திரும்பி வந்தார். சித்ரா வாசுதேவநல்லூரிலேயே ஆறு மாதத்தில் தேறியிருந்தாள். அவளுக்கு வந்தது இதனால்தான் என்று எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. அண்ணாச்சியின் கைநடுக்கம் கடைசிவரை போகவில்லை. அதன் பிறகு கடைக்கு வருகிறவர்களிடம், "கம்பு எடுத்துக் கலக்கும்வே" என்று மட்டும் சொல்லுவார். ஏன் என்று சொல்ல மாட்டார். அடுத்த வருஷம் எனக்கு மாற்றலாகிவிட்டது.

அந்தக் கட்டிடம் இப்போது இல்லை. அண்ணாச்சி இல்லை. அவர் விற்ற மருந்துகளில் சிலவற்றை அரசாங்கமே தடை செய்துவிட்டது. வேறு பெயர்களில் வேறு டின்கள் வந்துவிட்டன. ஆனால் எனக்கு உறுத்துவது இது எதுவுமில்லை. அந்த மார்கழி முழுக்க ஒரே ஒரு மீனைச் சுற்றி அத்தனை பேர் நின்றோம், கடிதம் எழுதினோம், அண்டாவில் ஊர்வலம் விட்டோம். அதே மாதத்தில் அதே டின்கள் பஸ்ஸின் மேல் ஏறி வாசுதேவநல்லூர் நெல்வயல்களுக்கும் போய்க்கொண்டுதான் இருந்தன. அங்கே மடையைத் திறந்தால் அயிரை மீன் கணுக்காலில் வந்து மோதும். நண்டு, நத்தை, தவளை என்று வயலுக்குள் சத்தம் அடங்காது. அவை மூலையில் ஒதுங்கினவா, சுழன்றனவா, யார் பார்த்தது? கண்ணாடிக்குள் இருந்தால்தானே தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணத்துக்காக வாசுதேவநல்லூர்ப் பக்கம் போனேன். காலையில் சும்மா வயல் பக்கம் நடந்தேன். மலை அப்படியே நின்றது. பயிர் பச்சையாக, நன்றாகத்தான் இருந்தது. மடையில் மண்வெட்டியோடு நின்ற பையனுக்கு இருபது வயதிருக்கும்.

"இங்கன அயிரை ஏறுமே, இப்ப வருதா தம்பி?" என்று கேட்டேன்.

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான்.

"அயிரையா சார்? வயலுக்குள்ளயா?"

அவன் கேலி செய்யவில்லை. நிஜமாகவே கேட்டான்.